எடை சரி, உயரம் எங்கே? மதுரைப் பக்கம் சிறு பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு

"பத்து மாதம் இருக்குமா?" என்று பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மா கேட்டபோது என் மகளுக்குப் பதினான்கு மாதம். சிரித்துச் சமாளித்துவிட்டேன். அவளுடைய உயரத்தை முறையாக அளந்தது இருபத்தோராவது மாதத்தில்தான். நடுவில் போன ஏழு மாதங்களில் ஒரு தனியார் கிளினிக் சொல்லி நான்கு டப்பா பவுடர் வாங்கினேன், ஒரு முறை தொக்கம் (வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம்) எடுத்தேன், காப்பீட்டு அட்டைக்காக மூன்று வாரம் அலைந்தேன். இவற்றில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

குட்டையாக இருப்பதெல்லாம் நோய் இல்லை. ஆனால் வயதுக்குரிய உயரத்தை எட்டாமல் பிள்ளை பின்தங்குவதற்கு வளர்ச்சிக் குன்றல் என்று பெயர். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று இந்த நிலையில் இருக்கிறது. கரு உருவான நாள் முதல் இரண்டாவது பிறந்தநாள் வரையிலான ஏறத்தாழ 1000 நாட்களில்தான் இதன் பெரும்பகுதி நடந்து முடிகிறது. மூளை வேகமாக வளர்வதும் அந்த நாட்களில்தான். ஏழு மாதம் போயிற்று என்று நான் புலம்புவது அதனால்தான்.

நான் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. போன வழியை அப்படியே எழுதுகிறேன். உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஏறும் பஸ்தான் மாறும்.

1. உயரத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்

மாதாமாதம் எடை பார்க்கிறார்கள், சரியாக இருக்கிறது என்கிறார்கள், நாமும் நிம்மதியாகிவிடுகிறோம். எடை குறைவது சில வாரங்களில் தெரிந்துவிடும். உயரம் நிற்பது சத்தமில்லாமல் நடக்கும். பிள்ளை கன்னம் உப்பி அழகாகவே இருக்கும். உடம்பின் அளவுதான் ஒரு வயது இளைய பிள்ளையுடையதாக இருக்கும்.

நான் தையல் வேலை செய்கிறவள். டேப் பிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று நினைத்து, மகளைக் கட்டிலில் கிடத்தி நானே அளந்தேன். 78 சென்டிமீட்டர் வந்தது. ஒரு வாரம் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்தால் 76. துணி டேப் வயிற்று மேட்டின்மேல் ஏறி இறங்கிப் போகிறது. ரவிக்கைக்கு அந்தத் தொழில் சரி.

அங்கே அளக்கிற விதமே வேறு. நீளப் பலகையின் தலைப்பக்கம் ஒரு குறுக்குப் பலகை அசையாமல் நிற்கிறது, கால்பக்கத்துப் பலகை நகர்கிறது. ஒருவர் பிள்ளையின் தலையைக் குறுக்குப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், பார்வை நேரே மேலே இருக்க வேண்டும். இன்னொருவர் முழங்கால்களை மெல்ல அழுத்தி நேராக்கி, நகரும் பலகையை உள்ளங்காலில் கொண்டுவந்து முட்ட வைக்க வேண்டும். ஒரே ஆள் அளந்தால் அந்த அளவை நம்ப வேண்டாம். நீங்கள் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நர்சம்மா என் மகளின் உச்சிக் குடுமியை அவிழ்க்கச் சொன்னார். ரப்பர் பேண்டும் முடியுமாக அதுவே ஒரு சென்டிமீட்டர் இருந்திருக்கும்! எடை பார்க்கும்போது கொலுசு, வெள்ளி அரைஞாண் கொடி, நனைந்த ஜட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

இரண்டு வயது வரை படுக்க வைத்து அளப்பார்கள், அதற்குப் பிறகு நிற்க வைத்து. ஒரே பிள்ளை நிற்கும்போது 0.7 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். இது தெரியாமல், மகளுக்கு இரண்டு வயது முடிந்த மாதத்தில் எடுத்த அளவைப் பார்த்து, போன தடவையிலிருந்து வளரவே இல்லை என்று ஓர் இரவு முழுவதும் அழுதேன்.

2. கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைதான் அங்கன்வாடியிலும் ஆஸ்பத்திரியிலும் அளவுகோல். அதில் இந்த எல்லைக்குக் கீழே போனால் வளர்ச்சிக் குன்றல் என்று கணக்கு:

ஒரு வயதில்: பெண் 68.9, ஆண் 71.0 சென்டிமீட்டர்.
இரண்டு வயதில், நிற்க வைத்து: பெண் 79.3, ஆண் 81.0.
மூன்று வயதில்: பெண் 87.4, ஆண் 88.7.

இவை அடிமட்டக் கோடுகள். நடுத்தர உயரம் இதைவிட மிக மேலே இருக்கிறது. இரண்டு வயதுப் பெண் பிள்ளைக்கு 85.7. என் மகளின் வயதில், அதாவது 21 மாதத்தில், படுக்க வைத்து அளக்கும் எல்லை 77.5. அவள் 76.

"எங்கள் குடும்ப வாகே குள்ளம்தான்" என்று என் மாமனார் சொன்னார். ஊரில் எல்லா வீட்டிலும் இப்படிச் சொல்ல ஒரு பெரியவர் இருப்பார். அந்த அட்டவணை ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து தயாரித்தது. நம் நாட்டுக் குழந்தைகளும் அதில் உண்டு. நல்ல உணவும் சுத்தமான சூழலும் கிடைத்தால் ஐந்து வயது வரை எல்லா ஊர்க் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள் என்பதே அதில் தெரிந்த செய்தி. குடும்ப வாகு கொஞ்சம் இருக்கலாம். அளந்து பார்த்து, மற்ற காரணங்கள் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு அதைப் பேசிக்கொள்ளலாம்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளையென்றால், இரண்டு வயது வரை எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டு வயதைக் கணக்கிட வேண்டும். அளப்பவர் மறந்துவிட்டால் நீங்கள் நினைவூட்டுங்கள்.

3. ஒரு பையில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்

தாய் சேய் நல அட்டைதான் முக்கியம். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்தது. அதில் உங்கள் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்த எண்), பிறந்தபோது பிள்ளையின் எடை, தடுப்பூசித் தேதிகள், வளர்ச்சி வரைபடம் எல்லாம் இருக்கும். பலர் வீட்டில் அது பீரோவுக்குள் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. வெளியே எடுங்கள். பிறந்தபோது எடை 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்ததா என்பது டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.

இரண்டாவது, பிறப்புச் சான்றிதழின் நகல். வயது மாதக் கணக்கில் சரியாகத் தெரிய வேண்டும். ஒரு மாதம் பிசகினாலும் கோடு மாறிவிடும். "சித்திரையில் பிறந்தாள்" என்பது இங்கே போதாது.

மூன்றாவது, ஆதார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கைரேகை இல்லாமலே எடுக்கிறார்கள், புதிதாக எடுக்கக் கட்டணம் இல்லை. பிறப்புச் சான்றிதழும் பெற்றோரில் ஒருவரின் ஆதாரும் போதும்.

ரேஷன் கார்டு நகல், பழைய மருந்துச் சீட்டுகள், இதுவரை எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே நான் விழுந்த பள்ளத்தைச் சொல்லிவிடுகிறேன். "முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடு, இல்லாவிட்டால் பெரியாஸ்பத்திரியில் பார்க்க மாட்டார்கள்" என்று ஒருவர் சொன்னார். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் நடந்தேன். மூன்று வாரம் போயிற்று. அரசு மருத்துவமனையில் புறநோயாளியாகக் காட்ட அந்த அட்டை வேண்டியதே இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் எடுத்து வைப்பது நல்லதுதான், ஆனால் அதற்காகப் பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள்.

4. அங்கன்வாடியில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

பால்வாடி என்றால் மூன்று வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து பாடும் இடம் என்று நாம் நினைக்கிறோம். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதுமே சத்துமாவு வாங்க உரிமை வந்துவிடுகிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உண்டு. வாடகைக்குக் குடிவந்தவர்கள், ஆதாரில் வேறு ஊர் முகவரி உள்ளவர்கள் தயங்க வேண்டாம். குடியிருக்கும் தெருவுக்குரிய அங்கன்வாடியில் சேரலாம்.

டீச்சரிடம் மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்: "டீச்சர், எடையோடு உயரத்தையும் பதிந்துவிடுங்கள், என் அட்டையிலும் எழுதிக் கொடுங்கள்." அவர்கள் செல்போனில் பதிகிறார்கள். உங்கள் கையில் காகிதம் இருந்தால்தான் அடுத்த இடத்தில் பேச முடியும்.

ஆர்பிஎஸ்கே என்கிற மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதம் கழித்துத்தான் வரும் என்றால் காத்திருக்க வேண்டாம்.

கைச்சுற்றளவு நாடா வைத்திருந்தால் மேல்கையை அளக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே, சிவப்பில் நின்றால், அது உயரப் பிரச்சினை அல்ல, கடும் ஊட்டச்சத்துக் குறைவு. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

5. ஆரம்ப சுகாதார நிலையம்

புதன்கிழமை தடுப்பூசி நாள். நர்சம்மா கட்டாயம் இருப்பார், ஆனால் கூட்டமும் இருக்கும். உயரத்தைக் காட்டி நிதானமாகப் பேச வேறொரு நாள் காலையில் போங்கள்.

டாக்டரிடம் கதை சொல்ல வேண்டாம். நான் முதல் தடவை மாமியார் சண்டை வரைக்கும் சொன்னேன். இரண்டாவது தடவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: எத்தனை மாதம், எத்தனை சென்டிமீட்டர், போன மூன்று மாதத்தில் எத்தனை முறை வயிற்றுப்போக்கு, ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறாள், எத்தனை வார்த்தை பேசுகிறாள். ஐந்து நிமிடத்தில் வேலை நடந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4 (11-க்கு மேல் இருக்க வேண்டும்), மலத்தில் புழு முட்டை.

பூச்சி மாத்திரை பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய தேசியக் குடற்புழு நீக்க நாட்களையொட்டி இலவசமாகக் கிடைக்கும். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் ஒன்று. சிறு பிள்ளைக்குப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். வைட்டமின் ஏ சொட்டு ஒன்பதாவது மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அட்டையில் எத்தனை கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று இப்போதே எண்ணிப் பாருங்கள்.

இரும்புச்சத்து டானிக் கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், நான் நிறுத்தி இரண்டு வாரத்தை வீணாக்கினேன். பாலோடும் டீயோடும் சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் சேராது. நெல்லிக்காயோ கொய்யாவோ கூட இருந்தால் நன்றாகச் சேரும்.

பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டை எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். இல்லாமலும் பார்ப்பார்கள், ஆனால் சீட்டு இருந்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

6. பெரியாஸ்பத்திரி

மாட்டுத்தாவணியில் இறங்கி, கோரிப்பாளையம் வழியாகப் போகும் டவுன் பஸ் ஏறினால் அரசு இராசாசி மருத்துவமனைக்குப் பக்கத்தில் இறங்கலாம். ஓ.பி. சீட்டுக்குக் காசு இல்லை. காலையில் எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. ரத்தம் எடுக்கும் இடத்தில் தனி வரிசை உண்டு. தாமதமாகப் போனால் டாக்டரைப் பார்ப்பது ஒரு நாள், ரத்தம் கொடுப்பது இன்னொரு நாள் என்று ஆகிவிடும். பிள்ளைக்குத் தண்ணீர், இட்லி, மாற்றுத் துணி, ஒரு விரிப்பு எடுத்துப் போங்கள். துணைக்கு ஒருவர் வந்தால் சீட்டு வரிசையில் அவரை நிறுத்தலாம்.

முதல் நாளில் குழந்தைகள் பிரிவைக் கேட்டுப் போங்கள். தைராய்டு, சிறுநீர்ப் பரிசோதனைகளைச் சொல்லலாம். தேவைப்பட்டால் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். பெண் பிள்ளையாக இருந்து வேறு காரணம் எதுவும் தெரியாவிட்டால் குரோமோசோம் பரிசோதனையையும் சொல்லக்கூடும். பதற வேண்டாம், ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போகும் வழி அது. என் மகளுக்குத் தைராய்டு சரியாக இருந்தது. சோகை, புழு, அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கு, நீர்த்த கஞ்சி, இவைதான் காரணம் என்று டாக்டர் எழுதினார். கடைசிக் காரணம் என் கையால் காய்ச்சியது.

பேச்சோ நடையோ தாமதம் என்று தோன்றினால் டிஇஐசி எங்கே என்று கேளுங்கள். மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் என்று முழுப்பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கண், காது, பேச்சு, தசை, நடத்தை எல்லாவற்றையும் ஒரே இடத்தில், கட்டணமில்லாமல் பார்க்கும் ஏற்பாடு அது.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உயரத்தைப் பற்றி யோசிக்காமல் போங்கள்: நான்கு மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதம் முடிந்தும் பிடிமானமின்றி உட்காரவில்லை, பதினெட்டு மாதத்தில் நடக்கவில்லை, பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" போல இரண்டு வார்த்தை சேரவில்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஒன்றைப் பிள்ளை விட்டுவிட்டால் எந்த வயதிலும் தள்ளிப்போடக் கூடாது. "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்" என்பதைச் சொல்பவர் உங்களோடு வரிசையில் நிற்க வரப்போவதில்லை.

7. அடுப்படியில் மாற்ற வேண்டியவை

நான் காய்ச்சிய கஞ்சி டம்ளரில் ஊற்றினால் ஊற்றும். ஆறு மாதத்துக்கு மேல் பிள்ளைக்குக் கொடுக்கும் உணவு கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழியக் கூடாது. மெதுவாக விழ வேண்டும். சின்ன வயிற்றில் தண்ணீரை நிரப்பிவிட்டால் உணவுக்கு இடம் ஏது? இப்போது சத்துமாவைக் கெட்டியாகக் கிளறி, அரை ஸ்பூன் நெய் விட்டு, உருண்டையாகவும் பிடித்துக் கொடுக்கிறேன். அந்த மாவு பிள்ளைக்கு வந்தது. வீட்டில் எல்லாருக்கும் கொழுக்கட்டை செய்தால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும் (செய்திருக்கிறேன்).

தினம் ஒரு முட்டை. பருப்புச் சாதம் முருங்கைக்கீரையோடு. வாரம் ஒரு முறை ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) நன்றாக வேகவைத்து மசித்து. நெத்திலி வந்த நாளில் முள் நீக்கிய நெத்திலி. நிலக்கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். வறுத்துப் பொடித்துக் கலந்துவிடுங்கள். தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். டீயில் நனைத்த பிஸ்கட்தான் எங்கள் ஊரில் மாலைச் சாப்பாடு. வயிற்றை நிரப்பி, இரும்புச்சத்தையும் தடுத்து, ஒன்றும் கொடுக்காத பண்டம்.

வயிற்றுப்போக்கு வந்தால் பட்டினி போடாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டோடு துத்தநாக மாத்திரையும் தருவார்கள். 14 நாள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் வயிறு சரியானதும் மிச்சத்தை ஜன்னலில் வைத்துவிடுவது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. அடுத்த வயிற்றுப்போக்கைத் தள்ளிப்போடுவது அந்த மிச்ச மாத்திரைகள்தான்.

தொக்கம் எடுப்பவர் என் மகளின் வயிற்றிலிருந்து ஒரு முடிச்சு நாரை எடுத்துக் காட்டி 200 ரூபாய் வாங்கினார். என் வீட்டில் அப்படி ஒரு நார் கிடையாது. டப்பா பவுடர் ஒன்று 650 ரூபாய். அந்தக் காசுக்கு மூன்று மாதத்துக்கு முட்டை வந்திருக்கும். உயர ஊசி என்று யாராவது பேசினால், அது வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு போன்ற சில குறிப்பிட்ட நோய்களுக்கானது. சாப்பாட்டுக் குறைக்கு மருந்து அல்ல.

8. பேச்சும் விளையாட்டும்

இதற்குச் செலவு இல்லை, அதனால் யாரும் மதிப்பதில்லை. உணவு மட்டும் கொடுத்த பிள்ளையைவிட, உணவோடு பேச்சும் விளையாட்டும் கிடைத்த பிள்ளை மனவளர்ச்சியில் முன்னே போகிறது. நான் தைத்துக்கொண்டே பேசினேன்: "இது கை, இது கழுத்து, இது சிவப்பு நூல்." கொட்டாங்குச்சி, கரண்டி, மூடி, துண்டுத் துணி. பாபினையும் பட்டனையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஊட்டும்போது செல்போன் காட்டுவதை நிறுத்த எங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. முதல் மூன்று நாள் வீடு வீடாகவே இல்லை.

9. எனக்கு ஆன செலவும் நாளும்

அரசு வழியில் டாக்டர், பரிசோதனை, மருந்து எதற்கும் காசு கொடுக்கவில்லை. ஒரு பரிசோதனையை அவசரப்பட்டு வெளியே எடுத்தேன், 300 ரூபாய். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் டிக்கெட் இல்லை. புறநகர் பஸ்ஸில் எனக்கு உண்டு. உண்மையான செலவு வேலை போன நாட்கள்தான். நான் ஐந்து நாள் தையலை விட்டேன்: சுகாதார நிலையத்துக்கு இரண்டு, பெரியாஸ்பத்திரிக்கு மூன்று. முகூர்த்த மாதத்தில் தேதி கொடுத்தால் தைரியமாக வேறு தேதி கேளுங்கள், ஆனால் அதே வாரத்துக்குள் கேளுங்கள்.

முதல் அளவிலிருந்து காரணம் தெரியும் வரை எனக்கு ஐந்து வாரம். காகிதங்கள் தயாராக இருந்தால் மூன்று வாரத்தில் முடியும்.

10. மறுபடி அளப்பது

வாரா வாரம் அளந்து மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உயரத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். முடிந்தவரை அதே இடம், அதே பலகை. ஓர் எண்ணைப் பார்க்காதீர்கள். வரைபடத்தில் புள்ளிகள் மேல்நோக்கிப் போகின்றனவா, கோட்டுக்கு நெருங்குகின்றனவா என்று பாருங்கள். மூன்று மாதத்தில் புள்ளி நகரவே இல்லையென்றால் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும்.

என் மகளுக்கு இப்போது இரண்டரை வயது. போன வாரம் நிற்க வைத்து அளந்தபோது 83.2. அந்த வயதுக்குக் கோடு 83.6. நர்சம்மா அட்டையில் புள்ளி வைத்துவிட்டு, பேனா முனையால் இடைவெளியைக் காட்டினார். ஒன்பது மாதம் முன்பு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இருந்தவள், இப்போது அரை சென்டிமீட்டர்கூடக் கீழே இல்லை. அடுத்த அளவு மூன்று மாதம் கழித்து. குடுமி போடாமல் கூட்டிப்போக வேண்டும்.